பல் பெரட்டு

கரியால் பல் தேய்த்த கூட்டம் நாம். இப்போது பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் அதை மறைத்துவிட்டு, பிறந்த நாள் முதல் பற்பசையால் துலக்கியவர்கள்போல முகத்தை வைத்துக்கொள்கிறோம். அந்த நடிப்பு எனக்கு வராது. வட்டகொடைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில், எந்தக் காம்பரா அறையில் யார் எதை வாயில் போட்டுத் தேய்த்தார்கள் என்று இன்னும் சொல்வேன். தேங்காய்ச் சிரட்டைக்கரியை இடித்துத் துணியில் சலித்து வைத்தவர்கள் கொஞ்சம் நாசூக்கானவர்கள். மற்றவர்கள் அடுப்புக்குள் கைவிட்டு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனார்கள். உப்பு இருந்த நாளில் உப்பு. ஒன்றும் இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது செங்கல்.

தேய்ப்பதெல்லாம் பீலியடியில்தான். மலையிலிருந்து வரும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக ஓயாமல் கொட்டும் இடம் அது. குளிப்பு, துவைப்பு, சண்டை எல்லாம் அங்கேதான். தை மாதத்தில் அந்தத் தண்ணீரை வாயில் ஊற்றினால், பல் இருக்கிறதா போய்விட்டதா என்று நாக்கால் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பல் கூசுகிறது என்று இப்போது கடையில் தனிப் பசை கேட்டு வாங்குகிறீர்களே, உங்களையெல்லாம் ஒரு நாள் அந்தப் பீலியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

நான் சொல்ல வந்தது ஒரு தை மாதத்திலிருந்து சித்திரை வரைக்குமான கதை. எனக்கு அப்போது பத்து வயது. அது பஞ்ச வருசம். கூப்பன் அரிசி சுருங்கி, கோதுமை மாவும் வராமல், மரவள்ளிக்கிழங்குக்கு அடிபட்டோமே, அந்த வருசம். எங்கள் காம்பராவில் அப்பா, அம்மா, புருசன் செத்தபின் எங்களோடு வந்துவிட்ட அத்தை, நான், மூன்று வயதுத் தங்கச்சி. பெரியவர்கள் வேலைக்குப் போனதும் தங்கச்சி, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் இருப்பாள். அங்கே கொடுத்துவந்த பால்மா நின்றுபோயிருந்தது. அவளுக்கு வயிறு மட்டும் முன்னால் வந்து கால் இரண்டும் சூம்பத் தொடங்கிவிட்டது.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் மட்டும் இடைவேளைக்கு ஆளுக்கொரு பணிஸ், அதுதான் பன் ரொட்டி, கொடுத்தார்கள். டவுன் பேக்கரியிலிருந்து மரப்பெட்டியில் வரும். வந்துசேரும்போதே பாதி காய்ந்திருக்கும். நான் பாதியைத் தின்றுவிட்டு மற்றப் பாதியைப் பாவாடையில் முடிந்துகொண்டுபோய்த் தங்கச்சிக்குக் கொடுப்பேன். அவளுக்குப் பகல் சாப்பாடு அதுதான். பள்ளிக்கூடம் விட்டு நான் வருகிற பாதையையே பார்த்துக்கொண்டு மடுவத்து வாசலில் குந்தியிருப்பாள். என்னைப் பார்த்து அல்ல, பாவாடை முடிச்சைப் பார்த்துத்தான் சிரிப்பாள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்ததெல்லாம் இந்தப் பாதிப் பணிஸ்மேல்தான் வந்து விழுந்தது.

அடுத்தது என் பல். எனக்குப் பால் பல் எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்ததாம். அது விழுந்து புதுப்பல் முளைத்தபோது மேல்வரிசை முன்பல் நாலும் பழுப்பு நிறத்தில் வந்தன. நடுவே சாம்பல் நிறத்தில் குறுக்குக் கோடு வேறு. பிறகு முளைத்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் அதே நிறம். வலி இல்லை, ஓட்டை இல்லை, கிழங்கைத் தோலோடு கடிப்பேன். ஆனால் வாயைத் திறந்தால் போதும், பீலியடியில் ஒருத்தி இன்னொருத்தியின் விலாவில் இடிப்பாள்.

காரணம் கண்டுபிடிப்பதில் ஒருவருக்கும் சிரமம் இருக்கவில்லை. நாள் முழுக்கக் கொழுந்து பறித்துக் கை கறுத்த சனம். தேயிலைக் கறை எங்கே பிடித்தாலும் போகாது என்பது அவர்களுக்குத் தெரிந்த உண்மை. கையில் பிடிக்கிறது, சேலையில் பிடிக்கிறது, கோப்பையில் பிடிக்கிறது. பல்லில் பிடிக்காதா?

"ஓயாம சாயத்தண்ணி குடிச்சா பல்லு பின்ன வெள்ளையாவா இருக்கும்?" என்று அத்தை தீர்ப்புச் சொன்னாள். வெற்றிலைக் காவியில் அவளுடைய பல் எல்லாம் கறுத்துப்போயிருந்தது. அதைப் பற்றி அவளிடம் யார் கேட்பது? என் கூட்டாளிகள் எனக்கு 'சாயப்பல்லு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் லயத்தில் எல்லாரும் குடித்தது அதே சாயத்தண்ணிதான், எல்லாருக்கும் பல் ஏன் இப்படி ஆகவில்லை என்று கேட்கிற மூளை அன்றைக்கு ஒருவருக்கும் இல்லை. எனக்கும் இல்லை.

அந்தத் தை மாதத்தில் புது மாஸ்டர் வந்தார். லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மகன். டவுனில் படித்தவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அதைவிட வெள்ளையான பல். முதல் நாளே எங்களை எழுப்பி நிறுத்தி, "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று சொல்லவைத்தார். எங்கள் மலையில் ஆலும் கிடையாது, வேலும் கிடையாது. இருந்தது தேயிலையும் சவுக்கும்தான். மாஸ்டர் சொல்லிவிட்டாரே என்று ஒரு பையன் தேயிலைக் குச்சியை ஒடித்து மென்றுகொண்டு வந்தான். கங்காணி பார்த்துவிட்டார். செடியை ஒடித்த குற்றத்துக்கு அவன் அப்பாவுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான் விழுந்தது.

நம் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்கு ஒரு 'பேர்'. கொழுந்து குறைந்தாலோ, கங்காணிக்கு முகம் பிடிக்காவிட்டாலோ அரைப்பேர். விடிகாலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பது பெரட்டு. நேரத்துக்கு மேல் பறித்தால் கைக்காசு. எங்கள் தாய்தகப்பன்மாரின் வாழ்க்கை இந்த மூன்று சொல்லுக்குள் அடங்கிவிடும். புது மாஸ்டர் அந்த மூன்றையும் தூக்கிக்கொண்டுவந்து எங்கள் வாய்க்குள் வைத்தார்.

அதற்கு முன் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தார். கொழுந்துக்கூடையோடு வந்து வாசலிலேயே நின்றார்கள்.

"டவுன்ல படிக்கிறப்போ என் பக்கத்துல ஒருத்தனும் உக்காரமாட்டான்" என்றார் மாஸ்டர். "தோட்டக்காட்டான் வாய் நாறுதுன்னு மூக்கப் பொத்துவானுங்க. அன்னைக்கு நெனச்சேன், என்கிட்ட படிக்கிற புள்ளைங்களப் பாத்து ஒருத்தன் மூக்கப் பொத்தக்கூடாதுன்னு. நாளையிலருந்து பள்ளிக்கூடத்துல பல்லுக்குப் பெரட்டு வைக்கப்போறேன். சுத்தமா வந்தா முழுப்பேரு. இல்லாட்டி அரைப்பேரு. அரைப்பேருக்கு அரைப் பணிஸ்தான்."

பெற்றோர் சிரித்தார்கள். தங்களுக்குப் பழக்கமான சொற்களை மாஸ்டர் வாயால் கேட்டதில் அவர்களுக்குச் சந்தோசம். "அப்படித்தாங்க போடணும், அப்பத்தான் இதுங்களுக்குப் பயம் வரும்" என்று என் அப்பாவே சொன்னார்.

மறுநாள் காலையில் தொடங்கியது. பள்ளிக்கூடத்து முற்றத்தில் வரிசையாக நின்று, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பனியில் உதடு வெடித்திருக்கும். தூக்கினால் இரத்தம் கசியும். மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தோட்டத்தை நிர்வகிக்கும் துரை மலையில் நடப்பதுபோலவே நடந்துவருவார். ஒவ்வொரு வாய்க்கு முன்னாலும் நின்று குனிவார். "முழுப்பேர்." "முழுப்பேர்." என் முன்னால் வந்ததும் முகத்தைச் சுளிப்பார். "அரைப்பேர்."

வெட்டி மிஞ்சிய அரைப் பணிஸ்கள் வீணாகவில்லை. மிகச் சுத்தமான பல்லுக்கு அவை கைக்காசாகப் போயின. அநேகமாக ஒவ்வொரு நாளும் அந்தக் கைக்காசு பெரிய கங்காணி மகளுக்குத்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரஸ் வைத்திருந்தது அவள் ஒருத்திதான். ரோசா நிறத்தில், தலை கொஞ்சம் சப்பிப்போன பிரஸ். அவளுக்கு வீட்டில் சோறும் இருந்தது, பள்ளிக்கூடத்தில் ஒன்றரைப் பணிஸும் கிடைத்தது. அவளுடைய கடைவாய்ப் பல்லில் மிளகு போகிற அளவுக்கு ஓட்டை. வலியில் பாடப் புத்தகத்தைக் கடித்துக்கொண்டு அழுவாள். கிராம்பை அதில் திணித்துக்கொண்டு மறுநாளும் வந்து நின்று முன்பல்லைக் காட்டி முழுப்பேர் வாங்குவாள். மாஸ்டர் உள்ளே பார்த்ததே இல்லை. பெரட்டில் முன்வரிசைக்குத்தான் மரியாதை.

எனக்கு அரைப்பேர் விழுந்த முதல் நாள் அந்த அரைப் பணிஸை அப்படியே தங்கச்சிக்குக் கொண்டுபோனேன். இரண்டாம் நாளும். அப்புறம் ஒரு நாள் இடைவேளையில் கண் இருட்டி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்குச் செய்தி போயிற்று. "பாதியில பாதியா பிச்சுக்க, கண்ணு" என்றாள் அம்மா. அன்றிலிருந்து ஒரு விரல் நீளப் பணிஸ் எனக்கு, ஒரு விரல் நீளம் தங்கச்சிக்கு. அவள் அதைத் தின்றுவிட்டு என் பாவாடை முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துத் தேடுவாள். இல்லையென்று சொன்னால் என்னைக் கடிப்பாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து என் பல்லை வெள்ளையாக்கக் கிளம்பினார்கள். அம்மா செய்த முதல் காரியம் என் சாயத்தண்ணியை நிறுத்தியது. அந்தப் பஞ்சத்தில் சீனியில்லாத அந்த ஒரு கோப்பை சாயத்தண்ணிதான் காலையில் வயிற்றுக்குள் போகிற சூடான சாமான். எல்லாரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து குடிப்பார்கள். நான் பச்சைத்தண்ணியை வைத்துக்கொண்டு ஆவியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உலகமெல்லாம் குடிக்கிற தேயிலை விளைகிற மலையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு மட்டும் தேத்தண்ணி கிடையாது.

இரண்டாவது காரியத்தை அத்தை எடுத்துக்கொண்டாள். விடியும் முன்னே என்னைப் பீலிக்கு இழுத்துக்கொண்டுபோவாள். செங்கல் தூளும் உப்பும் கலந்து, தேங்காய் நார்ப் பொச்சில் தோய்த்து, என் தலையைத் தன் தொடைக்குள் இறுக்கிக்கொண்டு தேய்ப்பாள்.

"அத்தை, எரியுது. விட்டுருங்க அத்தை!"

"எரியட்டும். பாறையில புடிச்ச பாசியே தேய்ச்சா போயிருது. ஒம் பல்லுல புடிச்ச சாயம் போவாதா?"

பக்கத்தில் துணி துவைக்கிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எலுமிச்சங்காய் போடு, சாம்பல் போடு, அடுப்பு மேட்டுப் புகைக்கரியைப் போடு. எல்லாவற்றையும் போட்டார்கள். எலுமிச்சை பட்ட ஈறு எரிந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. துப்பினால் சிவப்பாகப் போகும். பல் மட்டும் அப்படியே இருந்தது. மேலே இருந்த பளபளப்புப் போய், முன்னைவிட அசிங்கமாகத் தெரிந்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் பெரட்டில் மாஸ்டர் என் ஈற்றில் இரத்தத்தைப் பார்த்தார். தோளில் தட்டிக்கொடுத்தார். "இப்பதான் ஒழுங்கா தேய்க்கப் பழகியிருக்க. விடாத" என்று சொல்லிவிட்டு, "அரைப்பேர்" என்றார்.

அவரைக் கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். சொல்ல முடிந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய் வாங்கித்தர வேண்டும், பிள்ளைகள் அங்கேயே வாய் கழுவ வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அதற்காகத் துரையைப் பங்களாவில் போய்ப் பார்த்தார், ஆபிஸில் போய்ப் பார்த்தார். கடைசியில் துரை பள்ளிக்கூடத்துக்கு வர ஒத்துக்கொண்டார். பல் பெரட்டைத் துரைக்குக் காட்டுவது, எல்லாப் பிள்ளைக்கும் முழுப்பேர் என்று நிரூபிப்பது, கையோடு குழாயைக் கேட்பது. இதுதான் மாஸ்டரின் திட்டம். அதற்குக் குறுக்கே நின்றது என் வாய்.

துரை வருவதற்கு முந்தின வாரம் மாஸ்டர் என் கையைப் பிடித்துத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டிஸ்பென்சர் ஐயா எங்களுக்குப் பழைய ஆள். படித்த டொக்டர் இல்லை, மருந்து கலந்து கொடுக்கிறவர். ஆனால் பிரசவத்திலிருந்து பல் பிடுங்குவது வரை அவர்தான் எல்லாம். நான் பிள்ளை மடுவத்தில் இருந்த காலத்தில் எனக்கு ஓயாத இருமல், காய்ச்சல். மாதத்துக்கு ஒரு முறையாவது அம்மா என்னை அவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவாளாம். மஞ்சள் நிறத்தில் ஒரு மருந்து கொடுப்பார். நல்ல தித்திப்பு. கரண்டியையும் சேர்த்து நக்குவேன். அது என்னைக் காப்பாற்றியது என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். காப்பாற்றியும் இருக்கலாம்.

ஐயா என் வாயைத் திறந்து பார்த்தார். ஒரு கம்பியால் சுரண்டினார்.

"இது ஊத்தையில்ல மாஸ்டர். பல்லே கெட்டுப்போச்சு. வேர்லருந்து அழுகிக்கிட்டு வருது" என்றார். "புடுங்கிர வேண்டியதுதான். விட்டா மத்ததுக்கும் பரவும்."

அம்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள். மலையிலிருந்து கூடையோடு ஓடிவந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வாசலில் நின்று கும்பிட்டாள்.

"பொம்பளப் புள்ளைங்கய்யா. முன் பல்லுங்களே..."

"முன் பல்லுன்னா அழுகாதா? நான் சொன்னா கேப்பியா, ஒன் இஷ்டத்துக்கு வச்சுக்குவியா?"

ஐயாவிடம் நம் தாய்மார் எப்போது எதிர்த்துப் பேசினார்கள்? அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"புடுங்கிட்டா... புள்ளைக்கு முழுப்பேரு குடுத்துருவீங்களா சாமி?"

"இல்லாத பல்லுல ஊத்தை ஏது?" என்றார் மாஸ்டர். ஐயா சிரித்தார். அம்மாவும், சிரிக்க வேண்டிய இடம் என்று நினைத்துச் சிரித்தாள்.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். அது ஏறும்வரை காத்திருக்க ஐயாவுக்குப் பொறுமை இல்லை. அம்மா என் கையைப் பிடித்தாள், மாஸ்டர் தலையைப் பிடித்தார். முதல் பல் லேசில் வரவில்லை. ஐயா தன் முழங்காலை நாற்காலியில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். என் தாடை கழன்றுவிட்டது என்றே நினைத்தேன். வந்த பல்லைக் குறட்டில் வைத்தபடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வேர் நீளமாக, முழுசாக, சுத்தமாக இருந்தது. அழுகல் ஒன்றும் இல்லை. அவர் அதை நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டில் போட்டுவிட்டு அடுத்த பல்லில் குறட்டை வைத்தார்.

அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனார், மண் போட்டாயிற்று, இன்னும் மன்னிக்கவில்லை. தெரியாமல் முதல் பல்லைப் பிடுங்கினார், சரி. மற்ற மூன்றையும் தெரிந்துகொண்டே பிடுங்கினார்.

துரை வந்த அன்று நான் பெரட்டில் நின்றேன். உதடு வீங்கியிருந்தது. தூக்கிக் காட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் திறந்துகிடந்தது. மாஸ்டர் எனக்கு நேரே வந்து, எல்லாருக்கும் கேட்க, "முழுப்பேர்" என்றார். துரை எந்த வாயையும் பார்க்கவில்லை. கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்தார், இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த வருசம் மலைக்கு வேலைக்கு வருவார்கள் என்று கேட்டார். போகும்போது பையிலிருந்து டொபி மிட்டாய் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார். கங்காணி மகள் அதைக் கடைவாயில் போட்டுக் கடித்து, அங்கேயே சுருண்டு விழுந்து கதறினாள். குழாய் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை, அடுத்த வருசமும் வரவில்லை.

எனக்கு முழுப் பணிஸ் கிடைத்தது. கடிக்கத்தான் முடியவில்லை. காய்ந்த பணிஸ் ஈற்றில் பட்டால் உயிர் போனது. பாதியைத் தண்ணீரில் ஊறவைத்து விழுங்கினேன். மற்றப் பாதியை முடிந்துகொண்டுபோனேன். தங்கச்சி அன்றைக்குத்தான் வெகுநாளைக்குப் பிறகு முடிச்சைப் பார்த்துச் சிரித்தாள். என் வாயைப் பார்த்துப் பயந்து அழுதது அதற்கு அப்புறம்தான். அவள் பிழைத்தாள். அதை மட்டும் நான் கணக்கில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இனி வருவதைக் கேளுங்கள். தங்கச்சிக்குப் பால் பல் விழுந்து புதுப்பல் முளைத்தபோது அவளுக்கும் அதே பழுப்பு, அதே சாம்பல் கோடு. என் கதைக்குப் பயந்து அம்மா அவளுக்கு ஒரு சொட்டுச் சாயத்தண்ணி கொடுத்ததில்லை. பிறகு எப்படிக் கறை பிடித்தது? அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அதற்குள் மாஸ்டர் மாற்றலாகிப் போயிருந்தார். பணிஸும் நின்றுபோயிருந்தது. அதனால் அவள் பல்லை யாரும் பிடுங்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். இன்றைக்கும் ஹட்டனில் இருக்கிறாள், அந்தப் பழுப்புப் பல்லாலேயே கரும்பு கடிக்கிறாள். பணிஸ் கதையைச் சொன்னால், "அப்படியா அக்கா? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லியே" என்கிறாள்.

எனக்குக் கலியாணம் பேச வந்தவர்கள் வாயைத் திறந்து காட்டச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும், "சும்மா கிடைக்கிற மாட்டப் பல்லப் புடிச்சா பாப்பாங்க?" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். சீதனத்தோடு சீதனமாக அப்பா எனக்கு நாலு கட்டுப்பல்லும் செய்துபோட்டார். நல்ல வெள்ளை. சுற்றியிருந்த என் சொந்தப் பல்லெல்லாம் பழுப்பு. கண்ணாடி பார்ப்பதை அன்றோடு விட்டுவிட்டேன்.

போன வருசம் அந்தக் கட்டுப்பல் உடைந்து, நுவரெலியாவில் ஒரு பல் டொக்டரிடம் போனேன். சின்ன வயது சிங்களப் பிள்ளை. என் வாயைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டாள். "அம்மா, சின்னதில் அடிக்கடி காய்ச்சல் வந்து மருந்து குடித்தீர்களா?" குடித்தேன் என்றேன், மஞ்சள் மருந்து, தித்திப்பாக இருக்கும், என் தங்கச்சியும் அதைத்தான் குடித்தாள் என்றேன். அவள் தலையாட்டினாள். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒரு மருந்து, பல் ஈற்றுக்குள் உருவாகும்போதே அதன் நிறத்தை மாற்றிவிடுமாம். இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுப்பதில்லையாம். தேய்த்தால் போகாதாம், செங்கல்லால் தேய்த்தால் பல்லின் மேல்தோல்தான் போகுமாம். மெதுவாகத் தேய்க்க வேண்டும், காலையிலும் படுக்கப்போகும்போதும் தேய்க்க வேண்டும், கடைவாயை மறக்கக் கூடாது என்று பொறுமையாகக் காட்டித்தந்தாள். கடைசியில், "நிறத்தைத் தவிர இந்தப் பல்லில் ஒரு குறையும் இல்லை அம்மா. முன்பல் எப்படிப் போனது? விழுந்து அடிபட்டதா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளையிடம் வேறு என்ன சொல்வது?

ஆனால் சொல்ல வேண்டியவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். அதற்குச் சந்தர்ப்பமும் வந்தது. இந்த வைகாசியில் லிந்துலையில் ஒரு கலியாணம். மாஸ்டரை அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். வயது எண்பதைத் தொட்டிருக்கும். கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்தபின் எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம். பழைய மாணவர்கள் வரிசையாகப் போய்க் காலில் விழுந்தார்கள். என்னையும் யாரோ தள்ளிவிட்டார்கள்.

"என் பெரட்டுல நின்ன புள்ளையா நீ?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க, பல்லக் காட்டு பாப்பம்."

அறுபது தாண்டிய பொம்பளை நான். பேரன் பேத்தி எடுத்தவள். என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகப் போய் மேலுதட்டைத் தூக்கின. அந்தக் கையை வெட்டிப்போடலாம் என்று இருந்தது.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "பாத்தியா, முன்னால நாலும் எவ்வளவு சுத்தம்! மத்ததத்தான் கவனிக்காம விட்டுட்ட" என்றார்.

நான் கட்டுப்பல்லைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவருடைய மகள், "என்ன அம்மா இது அசிங்கமா!" என்றாள். மாஸ்டர் கோபப்படவில்லை. பல்லை விரலால் தடவிப் பார்த்தார். கண் கலங்கிப்போயிற்று, நிஜமாகவே கலங்கிற்று.

"அடடா" என்றார். "அந்தப் பஞ்சத்துலயும் ஒங்கள நிறுத்திவச்சுச் சொல்லிக்குடுத்தேனே. ஒழுங்கா தேய்ச்சிருந்தா இந்த நாலும் நின்னிருக்கும்லம்மா."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் மருந்தை, குறட்டில் இருந்த நல்ல வேரை, என் தலையை யார் பிடித்திருந்தார் என்பதை, பாதிப் பணிஸை. மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. பல் அவர் கையில் இருந்தது. என் வாயிலிருந்து காற்றும் எச்சிலும்தான் வந்தன, ஒரு வார்த்தையும் யாருக்கும் விளங்கவில்லை. நான் பேசி முடிக்கும்வரை மாஸ்டர் என் தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். சுற்றி நின்றவர்கள் அவர் சொன்னதற்குத் தலையாட்டினார்கள்.